மூன்றாம் மாடி வீடு யாருக்கு

— நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர். எனக்கு வாய் வரமாட்டேங்குது.

— நல்லா இருக்கே கதை! நேத்து சாயங்காலம் சத்தியம் பண்ணினது யாரு? "காலையில வந்ததும் முதல் வேலையா ரேடியோகிட்ட விஷயத்தைச் சொல்லிடுறேன், நீங்க நிம்மதியாப் போங்க"ன்னு சொன்னியா, இல்லையா?

— சொன்னேன். யாரு இல்லேங்குறா? ஆனா அவன் உள்ள வந்ததும் வராததுமா என்ன பண்ணினான் தெரியுமா? ஜன்னலைத் திறந்துட்டு, "அண்ணா, இங்கே என் கட்டில். காலை வெளிச்சம் நேராக முகத்தில் விழும். அலாரம் தேவை இல்லை"ன்னு ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரியே சொல்றான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அப்ப சிங்க்குக்கு அடியில நான் தலையை விட்டவன்தான், இன்னும் வெளிய எடுக்கல.

— அதைத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வாஷர் மாத்த இவ்வளவு நேரமா? உள்ளேயே குடித்தனம் பண்ணிடுவ போல.

— வாஷர் எல்லாம் எப்பவோ மாத்தியாச்சு சிஸ்டர். சும்மா ஸ்பேனரை வெச்சுத் தட்டிக்கிட்டு இருந்தேன், வேலை நடக்குற மாதிரி.

— வெளிய வா முதல்ல. அவன் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாங்கக் கீழ போயிருக்கான். திரும்பி மாடி ஏறி வர்றதுக்குள்ள ஒரு முடிவு பண்ணணும். மத்தியானத்துக்கு வீடு கெடைச்ச அந்தக் குடும்பத்தை வேன்ல கூட்டிட்டு வந்துடுவாங்க. வீட்டுல அவங்களை வெச்சுக்கிட்டு, "தம்பி, இது உனக்கு இல்ல"ன்னா சொல்ல முடியும்?

— அதுக்குத்தான் உங்களைச் சொல்லச் சொல்றேன்.

— நானா? "இதுதான்டா உன் வீடு"ன்னு முதல் நாளே அவனை இங்க கூட்டிட்டு வந்து காட்டினது யாரு?

— நான்தான். என்ன தப்பு? வரிசையில அவன்தான முதல் ஆளு? ஊரைவிட்டு ஓடி வந்தவங்களுக்கு வீடு பாத்துக் குடுக்கத்தான நம்ம சங்கமே இருக்கு? பாழடைஞ்சு கெடந்த வீட்டை, "நீங்களே சரி பண்ணிக்கிட்டா கம்மி வாடகைக்கு எடுத்துக்குங்க"ன்னு வீட்டுக்காரர் சொன்னதும் எனக்கு இவன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. அந்தத் தங்கும் விடுதியில மூட்டைப்பூச்சிக்கு நடுவுல எத்தனை காலமாப் படுத்துக் கெடக்கான்! சங்கத்துல கூட்டம் போடுவாங்க, கை தூக்கச் சொல்லுவாங்க, அதுல அவன் தோத்துப்போவான்னு நான் கனவா கண்டேன்?

— கூட்டம் முடிஞ்ச மறுநாளாவது சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லப் போனேனே! டீக்கடையில உக்கார வெச்சு, "ரேடியோ, வாழ்க்கையில சில சமயம் நாம நெனைக்கிறது ஒண்ணு…"ன்னு ஆரம்பிச்சேன். அவன் என் நெத்தியில கையை வெச்சுப் பாத்துட்டு, "அண்ணா, உங்களுக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் இப்படிப் பேசுகிறவர் அல்ல"ன்னு சொல்லி என்னை மருந்துக்கடைக்கு இழுத்துட்டுப் போயிட்டான். தலைவலி மாத்திரை வாங்கிக் குடுத்து, தண்ணியையும் குடுத்து, முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நின்னான் சிஸ்டர். முழுங்கிட்டேன்.

— கூறு கெட்டவனே.

— திட்டுங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். நீங்க நர்சு. எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட சேதி சொல்லியிருப்பீங்க! உங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது?

— ஆமாப்பா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. போய் முன்னால நின்னு, சுத்தி வளைக்காம முதல் வார்த்தையிலேயே சொல்லிடணும். அப்பத்தான் அவங்களுக்கு நல்லது. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பேன்.

— அப்ப இங்க என்ன?

— அங்கெல்லாம் நான் சேதி சொல்ற ஆளு மட்டும்தான். செஞ்சது நான் இல்ல.

— இங்க மட்டும் நீங்களா செஞ்சீங்க? சங்கம் முடிவு பண்ணுச்சு.

— முன்வரிசையில உக்காந்திருந்தியே, ஞாபகம் இருக்கா? கை தூக்கினப்ப ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னுது.

— மறக்குமா? தலைவரம்மா இன்னொரு தடவை தூக்கச் சொன்னாங்க. அப்ப நம்ம பக்கத்துல ஒரு கை குறைஞ்சு போச்சு. எவனோ நடுவுல பல்டி அடிச்சுட்டான். எவன்னு தெரிஞ்சா அவன் வீட்டுப் பைப்பைச் சாகுற வரைக்கும் தொடமாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

— என் வீட்டுக் குளியலறைக் குழாய் ரெண்டு நாளா ஒழுகுது. வேற ஆளைத்தான் பாக்கணும் போல.

— என்ன சிஸ்டர் சொல்றீங்க?

— அந்தக் கை என் கைப்பா.

— விளையாடாதீங்க.

— இதுல என்ன விளையாட்டு?

— ரேடியோவுக்கு இந்த மொழியை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. எனக்குத் தம்பி மாதிரின்னு ஊரெல்லாம் சொன்னவங்க நீங்க!

— கேளு. அன்னைக்குக் காலையில நம்ம சங்கத்து ஹாலுக்குப் போயிருந்தேன். அந்தக் குடும்பம் திரைச்சீலை கட்டிக்கிட்டு ஒரு மூலையில கெடக்குதுல்ல? சுவரு பூரா ஈரம். அந்தக் கைக்குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு. என் மடியில போட்டுக்கிட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள போய்ப் போய் வருது, உதடு நீலமாயிட்டே வருது. ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் அந்தம்மா என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தையும் எனக்குப் புரியல. அப்படியே கூட்டத்துக்கு வந்தேன். முதல் தடவை ரேடியோவுக்குத்தான் கை தூக்கினேன். ரெண்டாவது தடவை… கை எந்திரிக்கல.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— உன்கிட்ட சொல்லவே வாய் வரல, இதுல அவன்கிட்ட எங்க சொல்றது? தினமும் உங்க ரெண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்தேனே, என்ன நெனச்ச? பாசம்னா?

— பாசம்னுதான் நெனச்சேன். அவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். "டீச்சர் கை மணம்"னு சொல்லுவான்.

— போதும்ப்பா. அதைச் சொல்லாத.

— வீட்டு விலாசம்னு ஒண்ணு இருந்தாத்தான் அவன் பொண்டாட்டியையும் பொண்ணையும் அந்த அகதி முகாம்ல இருந்து கூப்பிட மனுவே போட முடியும்னு உங்களுக்குத் தெரியும்ல?

— தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரியாம செஞ்சிருந்தா இவ்வளவு கஷ்டமா இருக்குமா?

— படியில சத்தம் கேக்குது. அவன்தான். வேற யாரும் இப்படிப் பாடிக்கிட்டே ஏற மாட்டாங்க.

— எங்க போற? மறுபடியும் சிங்க்குக்கு அடியிலயா? நில்லு இங்க.

— வணக்கம் நேயர்களே! முற்பகல் செய்திகள். தின்னர் கிடைத்துவிட்டது. தேநீரும் கிடைத்துவிட்டது. கடைக்காரர் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாய் படிக்கட்டிலேயே காலமாகிவிட்டது. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. டீச்சர், இது சர்க்கரை இல்லாதது, உங்களுக்கு. அண்ணா, இது உங்களுக்கு, பாயசம் மாதிரி.

— வெச்சுட்டு உக்காருப்பா.

— உட்காருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா? சட்டை மாட்டுவதற்கு. கட்டில் அங்கே, ஆணி இங்கே. எழுந்தால் கை எட்டும்.

— ரேடியோ.

— சொல்லுங்கள் டீச்சர்.

— இந்த வீடு உனக்கு இல்லப்பா. சங்கத்துல வேற குடும்பத்துக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஹால்ல இருக்காங்கல்ல, கைக்குழந்தையும் அந்த வயசான மாமனாருமா, அவங்களுக்கு. இன்னைக்கு மத்தியானம் வர்றாங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். நாங்க சொல்லல.

— டேய் ரேடியோ, ஏதாவது பேசுடா. திட்டவாவது செய்.

— தேநீர் ஆறிவிடும். குடியுங்கள்.

— யோவ்!

— தெரியும் அண்ணா.

— என்ன தெரியும்?

— வீடு எனக்கு இல்லை என்று தெரியும். தலைவரம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "சனிக்கிழமை மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்துவிடு. அந்தக் குடும்பத்துக்கு உன் மொழி ஒன்றுதான் தெரியும். சாவி கொடுக்கும்போது நீ கூட நின்று எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார்கள். "எந்தக் குடும்பம் அம்மா" என்று நான் கேட்கவில்லை. அவர்கள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நீங்கள் இருவரும் என்னிடம் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது புரிந்தது. "சரி அம்மா" என்றேன்.

— எப்ப இது?

— சமையலறைக்கு வெள்ளை அடித்தோமே, அன்று.

— அடப்பாவி! அதுக்கு அப்புறம்தானடா அந்தச் சின்ன ரூமுக்கு மஞ்சள் அடிச்ச? உன் பொண்ணு போன்ல கேட்ட கலர்னு சொல்லிச் சொல்லி ரெண்டு கோட்டிங் அடிச்சியே!

— ஆமாம்.

— அதுக்கு அப்புறமும் கட்டிலு, ஆணி, ஜன்னலுன்னு வாய் ஓயாமப் பேசினியேடா!

— அண்ணா, ஒவ்வொரு முறை "என் கட்டில்" என்று சொல்லும்போதும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார்கள், இதோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சிங்க்குக்கு அடியில் போனீர்கள். டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

— ஐயோ.

— அதனால் மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொன்னேன். கட்டில் போதவில்லை என்று மேசை போட்டேன். மேசைக்கும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் கடைசி நாள். அதனால் ஆணி.

— எங்களைச் சோதிச்சுப் பாத்தியாப்பா?

— முதலில் அப்படித்தான். பிறகு… பிறகு அப்படி இல்லை டீச்சர். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது. கட்டில் அங்கே இருப்பது போலவே இருந்தது.

— மன்னிச்சுடுறா. உனக்கு வேற வீடு பாக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது, இது சத்தியம்.

— சத்தியம் வேண்டாம் அண்ணா. உங்கள் சத்தியத்தை எனக்குத் தெரியும்.

— அதுவும் சரிதான்.

— நான் கேட்கிறேன், என்னை என்னன்னுதான் நெனச்சீங்க? கேனையன்னா? இவன்கிட்ட சொன்னா அழுவான், சுருண்டு படுத்துப்பான், பாவம், ரெண்டு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னா? குழந்தைக்கு மருந்தைச் சர்க்கரையில கலந்து குடுக்குற மாதிரியா?

— இந்தப் பேச்செல்லாம் எங்கடா கத்துக்கிட்ட?

— உங்ககிட்டதான் அண்ணா. டீச்சர் சொல்லித் தருகிற மொழியில் கோபப்பட முடியாது. அதில் நன்றிதான் நன்றாக வருகிறது.

— கோபப்படு. நல்லா கோபப்படு. எங்களுக்கு வேணும்.

— நீங்கள் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். "ஒரு வீடு, இரண்டு குடும்பம், நீ என்ன சொல்கிறாய்" என்று கேட்டிருக்க வேண்டும். நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு நல்லவன் இல்லை நான். "மாட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பேன். பிறகு தோற்றிருப்பேன். ஆனால் சண்டை போட்டுத் தோற்றவனாக இருந்திருப்பேன். என் ஊரை விட்டு வந்த பிறகு எல்லோரும் எனக்காகவே முடிவு எடுக்கிறார்கள். கெட்டவர்களும் எடுக்கிறார்கள், நல்லவர்களும் எடுக்கிறார்கள். எனக்குத் தெரிவிப்பது மட்டும் கடைசியில். என்ன டீச்சர்? அழ வேண்டாம். தேநீர் உப்பாகிவிடும்.

— இன்னொண்ணும் இருக்குப்பா. அது உனக்குத் தெரியாது.

— சிஸ்டர், வேணாம். இப்ப எதுக்கு அது?

— நீ சும்மா இரு. இப்பத்தான சொன்னான், கடைசியில தெரியவேண்டியதா இருக்குன்னு? ரேடியோ, ஓட்டுச் சமமா நின்னப்ப கையை இறக்கினது நான். என் ஒரு கையாலதான் இந்த வீடு உனக்கு இல்லாமப் போச்சு. இந்தப் பிளம்பருக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

— இது எனக்குத் தெரியாது.

— தெரியாது.

— ஏன் டீச்சர்?

— அந்தக் கைக்குழந்தைக்கு அன்னைக்கு மூச்சுத் திணறல். என் மடியில கெடந்துச்சு. போயிடும்னே நெனச்சேன். அந்த ஹாலுல இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நிச்சயமாப் போயிடும்.

— பையனா, பெண்ணா?

— பொண்ணு.

— பெண். சரி. என் வீட்டிலும் பெண்தான். அவள் இருக்கிற முகாமிலும் கூடாரம் ஈரம்தான் டீச்சர். அவளுக்கும் இருமல் உண்டு. ஆனால் அது தொலைபேசியில் மட்டும்தான் கேட்கும். நீங்கள் பார்த்த குழந்தைக்காகக் கையை இறக்கினீர்கள். என் குழந்தையை நீங்கள் பார்த்ததில்லை.

— ஆமாப்பா.

— இல்லை என்று சொல்லுங்களேன்.

— எப்படிச் சொல்றது? அதுதான் உண்மை. உன் பொண்ணு என் மடியில கெடந்திருந்தா என் கை இறங்கியிருக்காது.

— டேய், டேய்! எங்க போற? ரேடியோ!

— எங்கும் போகவில்லை அண்ணா. ஜன்னல் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். இங்கிருந்து கீழே தெரு நன்றாகத் தெரிகிறது. நான் இதுவரை தெருவைப் பார்க்கவே இல்லை, பாருங்கள். எந்நேரமும் உள்ளே எதை எங்கே வைப்பது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

— அவனைக் கொஞ்ச நேரம் விடுப்பா.

— விட்டா எனக்கு உயிர் போகுது சிஸ்டர். ரேடியோ, உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாடா?

— இல்லை.

— இன்னுமா சொல்லல?

— நேற்றுக் கேட்டாள், "அப்பா, மஞ்சள் காய்ந்துவிட்டதா" என்று. "காய்ந்துவிட்டது" என்றேன். "கையால் தொட்டுப் பார்" என்றாள். தொட்டுப் பார்த்து "ஒட்டவில்லை" என்றேன். அது உண்மைதான். காய்ந்துதான் இருந்தது. அதனால் உங்கள் இருவர் மீதும் முழுதாகக் கோபப்பட என்னால் முடியவில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? என் வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. பழைய சாமானை எல்லாம் வெளிய போட்டுடறேன். நீ அங்க வந்துடு. அந்த விலாசத்தை வெச்சு மனு போடலாம். பொண்ணும் உன் சம்சாரமும் வந்தா சேர்ந்து இருக்கலாம். எனக்கும் துணையா இருக்கும்.

— வேண்டாம் டீச்சர்.

— ஏம்ப்பா? கோபத்துல சொல்லாத. ரூம் சின்னதுதான், ஆனா…

— இன்று வேண்டாம். இன்று நீங்கள் எதையும் எனக்குக் கொடுக்கக் கூடாது. இன்று நான் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு லேசாகிவிடும். இன்று இரண்டு பேருக்கும் கனமாகவே இருக்கட்டும். நாளைக்கோ அடுத்த வாரமோ திரும்பக் கேளுங்கள். அப்போதும் அந்த அறை சும்மா கிடந்தால், அப்போது நான் யோசிக்கிறேன்.

— கேப்பேன். நிச்சயமாக் கேப்பேன்.

— கேளுங்கள். ஆனால் சாப்பாட்டு டப்பாவோடு வராதீர்கள். வெறுங்கையோடு வந்து கேளுங்கள்.

— சிஸ்டர், கீழ வேன் வந்து நிக்குது. ஐயையோ, சீக்கிரமே வந்துட்டாங்க. கிழவரை ரெண்டு பேரு கையைப் பிடிச்சு இறக்குறாங்க. அந்தம்மா இடுப்புல குழந்தை. பெரிய பையன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடி வர்றான்.

— இந்தப் பெயிண்ட் டப்பாவை எல்லாம் ஓரமாத் தள்ளு. தின்னரை மேல வை, குழந்தை இருக்கிற வீடு. ரேடியோ, நீ இருக்க வேணாம்ப்பா. பின்னாடி படி வழியாப் போயிடு. நாங்க எப்படியாவது சைகையில காட்டிச் சமாளிச்சுக்கிறோம்.

— சைகையிலா? கேஸ் அடுப்பை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று சைகையில் சொன்னால் நாளைக்கு இந்தக் கட்டடமே செய்தியில் வரும். நகருங்கள். வாசலுக்கு நான் போகிறேன்.

— கையில எல்லாம் மஞ்சளா இருக்குடா. துடைச்சுட்டுப் போ.

— போகாது அண்ணா. தின்னருக்கும் போகாது. நேற்றே முயற்சி செய்துவிட்டேன்.

— போறான் பாருங்க. சிஸ்டர், என்னால பாக்க முடியல.

— பாரு. நாம ரெண்டு பேரும் பாக்கத்தான் வேணும்.

— பையன் உள்ள வந்துட்டான். பாருங்க, நேரா அந்த மஞ்சள் ரூமுக்குள்ள போயிட்டான். சுவத்துல கன்னத்தை வெச்சுப் பாக்குறான்.

— கிழவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடுப்பா. மூணு மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது. ஐயா, உக்காருங்க. தண்ணி, தண்ணி குடிங்க.

— அந்தம்மா ஏன் உள்ள வராம நிக்குறாங்க? வாசல்லயே நிக்குறாங்களே.

— அதான் பாக்குறேன். பையைக் கீழ வெச்சுட்டாங்க. ரேடியோகிட்ட ஏதோ கேக்குறாங்க.

— அவன் கையையே பாக்குறாங்க சிஸ்டர்.

— மறுபடியும் ஏதோ கேக்குறாங்க. குரல் உடையுது பாரு. பிடிக்கலையோ? படி ஏற முடியாதுன்னு சொல்றாங்களோ?

— இவன் என்னமோ சொல்றான். தலையை ஆட்டுறான். சிரிக்கிறான்டா படுபாவி, இப்பப் போய்ச் சிரிக்கிறான்.

— இதோ, பையை எடுத்துட்டாங்க. உள்ள வர்றாங்க. வாங்கம்மா, வாங்க. குழந்தையை இப்படிக் குடுங்க. எப்படி இருக்கா? மூச்சு பரவாயில்லையே. வாங்க, உள்ள வாங்க.

— ரேடியோ, இங்க வாடா. என்னதான் கேட்டாங்க அவங்க?

— ஒன்றும் இல்லை அண்ணா. அடுப்பைப் பற்றி.

— பொய் சொல்லாத. அடுப்பைக் கேக்குற மூஞ்சியா அது? இன்னைக்கு ஒரு நாளாவது நமக்குள்ள எதையும் மறைக்க வேணாம்.

— "ஹாலில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். இந்த வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் வேறு ஒருவர் காத்திருந்தாராமே, உண்மையா? உண்மை என்றால் நான் உள்ளே கால் வைக்க மாட்டேன். அடுத்தவர் வயிற்றெரிச்சலில் என் குழந்தையைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றார்கள்.

— கடவுளே. நீ என்னப்பா சொன்ன?

— "அப்படி யாரும் இல்லை" என்றேன் டீச்சர். அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். "அப்படியானால் நீங்கள் யார்" என்று கேட்டார்கள். பெயிண்ட் அடிக்க வந்தவன் என்றேன்.